சைரன் அலறியும் நகர முடியலை... நந்தனம் சிக்னலில் ஆம்புலன்சுக்கு தானாக பச்சை விழுமா?

சென்னை: சாயங்காலம் 6 மணிக்கு மேல் நந்தனம் தேவர் சிலை பக்கம் நின்று பாருங்கள். சைதாப்பேட்டை பக்கம் இருந்து ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வரும். முன்னாடி பஸ், பக்கத்தில் ஆட்டோ, இண்டு இடுக்கெல்லாம் பைக். விலகணும்னு எல்லோருக்கும் மனசு இருக்கு. ஆனால் எங்கே விலகுவது?

கோட்டைத் தாண்டினால் கேமரா படம் பிடிக்கும், வீட்டுக்கு அபராத சலான் வரும் என்று முன்னால் நிற்பவருக்கு பயம். நகராமல் நின்றாலும் சிக்கல்தான். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தில் உள்ள இந்த தொகை, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. முன்னே போனால் ஒரு அபராதம், நின்றால் இன்னொரு அபராதம். நடுவில் மாட்டிக்கொள்வது தினக்கூலிக்கு பைக்கில் போகிறவர்தான்.

சென்னையால் முடியாத காரியம் இல்லை இது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மாணவனின் இதயம் தேனாம்பேட்டையில் இருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாக முக்கால் மணி நேரம் பிடிக்கும் ரூட் அது. 2014 ஜூனில் அரசு பொது மருத்துவமனையில் இருந்து அடையாறுக்கு 12 கி.மீ. தூரத்தை 14 நிமிடத்துக்குள் கடந்தார்கள். இரண்டு தடவையும் சிக்னலுக்கு சிக்னல் போலீஸ் நின்றது, வயர்லெஸ்சில் தகவல் பறந்தது.

108 சேவை தமிழ்நாட்டில் தொடங்கியதும் அதே 2008 செப்டம்பரில்தான். மாரடைப்பு வந்தவர், பிரசவ வலியில் துடிப்பவர், லாரியில் அடிபட்டவர் என்று தினம் தினம் ஏற்றிப் போகிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ரோடு முழுக்க போலீசை நிறுத்த முடியுமா?

அங்கேதான் தானியங்கி முறை வருகிறது. ஆம்புலன்சில் உள்ள ஜி.பி.எஸ். கருவி, வண்டி எங்கே வருகிறது என்று சிக்னலுக்கு சொல்லும். அந்தப் பக்கம் பச்சை, மற்ற பக்கமெல்லாம் சிவப்பு. வண்டி தாண்டியதும் பழைய கணக்குக்கு திரும்பிவிடும். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் 1970-களிலேயே வந்த சமாச்சாரம் இது. அப்போது ஜி.பி.எஸ். கிடையாது, வண்டி மேல் மின்னும் விளக்கை வைத்தே வேலை நடந்தது. அவசர வண்டிகள் மோதும் விபத்து அங்கே சுமார் 70 சதவீதம் குறைந்தது.

இந்த விபத்து விஷயத்தை நம்ம ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. சிவப்பு விளக்கில் ஆம்புலன்ஸ் பாயும்போது, குறுக்கே பச்சை விழுந்து வருகிறவருக்கு சைரன் எந்தப் பக்கம் கேட்கிறது என்றே தெரியாது. உள்ளே இருக்கும் நோயாளியோடு வெளியே இருப்பவரும் சேர்ந்து அடிபடுவார்.

ஆனால் கருவி மாட்டினால் மட்டும் போதாது. ஆம்புலன்ஸ் கிட்டே வந்தபிறகு பச்சை போட்டு பிரயோஜனம் இல்லை. முன்னால் நிற்கும் வரிசை கரைய வேண்டும் என்றால் அரை நிமிடமாவது முன்பே பச்சை விழணும். அந்த நேரம் வெங்கடநாராயணா ரோட்டிலும் சேமியர்ஸ் ரோட்டிலும் நிற்கிறவர்கள் கூடுதலாக காத்திருக்கணும். பாதி ரோட்டைக் கடந்துவிட்ட பாட்டியம்மா நடந்து முடிக்கும்வரை பச்சை மாறக்கூடாது. ஆம்புலன்ஸ் பின்னாடியே ஒட்டிக்கொண்டு பறக்கிறார்களே சில பைக்காரர்கள், அவர்களுக்கும் ஒரு வழி பண்ணணும். நோயாளி இல்லாமல் சைரன் போடும் வண்டிக்கு பச்சை கிடைக்கக்கூடாது. அதற்கு, எந்த வண்டி அவசரத்தில் போகிறது என்பதை கண்ட்ரோல் ரூம் உறுதி செய்தபிறகுதான் சிக்னல் மாற வேண்டும். வழிவிடுவதற்காக கோட்டைத் தாண்டியவருக்கு சலான் போகாமல் இருக்கவும் அந்த நேரப் பதிவே ஆதாரம்.

தேனாம்பேட்டை - சைதாப்பேட்டை மேம்பாலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். 621 கோடி ரூபாய், 3.2 கி.மீ., 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய திட்டம். நேராகப் போகிற வண்டிக்கு அது சரி. தி.நகர் பக்கமோ ஆழ்வார்பேட்டை பக்கமோ திரும்ப வேண்டிய ஆம்புலன்ஸ், பாலத்துக்கு கீழே அதே நந்தனம் சிக்னலில்தான் வந்து நிற்கும்.