டிக்ரி கையில், பணம் எங்கே?

கம்பெனிக்குக் கடனில் சரக்குக் கொடுத்த வியாபாரிக்கு உண்மையான சோதனை, வழக்கில் ஜெயித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து டிக்ரி வாங்கி, நிறைவேற்று மனுவும் போட்டு, அமீனாவுடன் ஜப்திக்குப் போனால் கடையில் போர்டு மாறியிருக்கும். பழைய பிரைவேட் லிமிடெட் போய்ப் புதிய பிரைவேட் லிமிடெட் வந்திருக்கும். கல்லாவில் அதே முதலாளி, குடோனில் அதே ஆட்கள். கேட்டால், "அது வேற கம்பெனிங்க, இது வேற" என்பார். சட்டம் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கிறது என்பதுதான் வேதனை.

இதன் வேர் 1896-ல் இருக்கிறது. லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த சாலமன் என்பவர் தன் தொழிலைக் கம்பெனியாக்கினார். 20,007 பங்குகளில் மனைவி மக்களுக்கு ஆளுக்கொன்றாக ஆறு கொடுத்து, மீதியைத் தானே வைத்துக்கொண்டார். (நம் ஊர்க் குடும்பக் கம்பெனிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.) கம்பெனி நொடித்தபோது, கடன் கம்பெனியுடையது, சாலமனுடையது அல்ல என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நாடும் அந்த வழியில்தான் வந்தது.

மோசடி இருந்தால் கம்பெனி என்ற திரையை விலக்கி, பின்னால் இருப்பவரைப் பிடிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டிடத்தில் இடம் தருவதாகப் பலரிடம் பணம் வாங்கிய ஸ்கிப்பர் நிறுவன வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை நடத்திய குடும்பத்தாரின் சொத்துக்களையே ஜப்தி செய்தது. ஆனால் அது உச்ச நீதிமன்றம். நாம் நிற்பது முன்சீப் கோர்ட்டில். டிக்ரியில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தால், அங்கே டைரக்டரின் வீட்டைத் தொடத் தயங்குவார்கள். பணம் தரவில்லை என்பது மட்டும் மோசடி ஆகாது. மோசடியை நாம்தான் நிரூபிக்க வேண்டும். கணக்குப் புத்தகமோ அவரிடம்!

இந்த இடத்தில்தான் சட்டம் மாற வேண்டும். பாக்கி நிலுவையில் இருக்கையில் அதே ஆட்கள், அதே இடத்தில், அதே தொழிலை வேறு பெயரில் நடத்தினால், சரக்கு எப்படிக் கைமாறியது என்று காட்டும் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்க வேண்டும். கம்பெனி முறையே கூடாது என்று சொல்லவில்லை. நம்மிலும் பலர் கம்பெனி நடத்துகிறோம். நேர்மையாக நடத்தி நஷ்டப்பட்டவரின் வீட்டை ஏலம் போடுவது நியாயமல்ல. ஆனால் அந்தக் காலத்தில் மஞ்சள் கடிதம் கொடுத்தவர் கடைத்தெருவில் தலைகுனிந்து போனார். இப்போது கம்பெனிதான் திவால். முதலாளி புதுக் காரில் போகிறார்.

2016-ல் வந்த திவால் சட்டம் நமக்கு உதவும் என்று நம்பினோம். 1 லட்சமாக இருந்த குறைந்தபட்சப் பாக்கியை 2020 மார்ச்சில் 1 கோடியாக்கி, அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

கையில் இருக்கும் ஆயுதத்தையாவது எடுக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21, விதி 41-ஐ வக்கீலிடம் கேளுங்கள். 30 நாளாகியும் டிக்ரிப் பணம் வராவிட்டால், கம்பெனியின் சொத்து விவரத்தை அதன் அதிகாரியே பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யக் கோர்ட் உத்தரவிடலாம். மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறை. சரக்கு போன வழியைக் கண்டுபிடிக்க இது ஒரு நூல்.

அதைவிட முக்கியம், முதல் கடன் பில்லுக்கு முன்பே டைரக்டரின் சொந்த ஜாமீன் கடிதம் வாங்குவது. வங்கிகள் கூசாமல் கேட்கின்றன. நாம்தான் வாடிக்கை கெட்டுவிடும் என்று தயங்குகிறோம். நம் சங்கமே வக்கீலிடம் ஒரு மாதிரிப் படிவம் எழுதி வாங்கி எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுக்கட்டும். எல்லாக் கடையிலும் அதே படிவத்தை நீட்டினால், கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போக அவருக்கு வழியிருக்காது.