முற்றும் பூசினியும் மிகைநீரும்

பூசினிக்காய் முற்றிவரும் காலத்தில் நீரையும் பசளையையும் மிகுதியாக அளித்தால் நிறை கூடும் என்பது கமக்காரர் பலரிடையே வேரூன்றிய எண்ணமாகும். நிறை கூடுவது உண்மையே. ஆனால் அந்நிறை பல வேளைகளில் சந்தைக்குச் சென்று சேர்வதில்லை.

இளங்காயின் தோல் உள்ளே தசை பருக்கப் பருக்கத் தானும் விரிந்துகொடுக்கும். முற்றிய தோல் அவ்வாறு கொடுக்காது. நிலம் பல நாள் காய்ந்து கிடந்தபின் ஒரே முறையில் நிறைய நீர் பாய்ச்சும்போதோ, எதிர்பாராத மழை கொட்டும்போதோ, வேர்கள் பெருமளவு நீரை உறிஞ்சிக் காய்க்குள் செலுத்துகின்றன. அவ்வமுக்கத்தைத் தாங்காது தோல் பிளக்கிறது. மாலையில் நன்றாயிருந்த காய் விடியலில் வெடித்துக் கிடப்பதன் காரணம் இதுவே, கண்ணூறு அன்று.

பரிசுக்காக இராட்சதப் பூசினி வளர்க்கும் நாடுகளில் இவ்வுண்மை நன்குணரப்பட்டுள்ளது. கனடாவின் நோவா ஸ்கோசியாவில் ஹவார்ட் டில் என்னும் கமக்காரர் உருவாக்கிய அத்திலாந்திக் ஜயன்ற் இனமே அங்கு பெயர்பெற்றது. 2023 இல் கலிபோனியாவில் நிறுக்கப்பட்ட ஒரு காய் 1,247 கிலோகிராம் இருந்தது. எனினும், உட்குழி வரை செல்லும் பிளவு ஒன்று இருப்பின், எத்துணை நிறையாயினும் அக்காய் போட்டியிலிருந்து விலக்கப்படும். ஆதலின் அங்குள்ளோர் பருவ முடிவில் நீரைத் திடீரெனக் கூட்டாது சீராக வைத்து, நைதரசனைக் குறைத்து, வெயிலால் தோல் முன்கூட்டி இறுகாதபடி காய்மேல் துணி விரிக்கின்றனர்.

சிறுபோகத்தில் வயல்நிலத்தில் பூசினியிடுவோருக்குத் துணி வேண்டியதில்லை. நோயின்றிக் காக்கப்பட்ட இலைகளே போதிய நிழலாகும். நீரிலேதான் கவனம் வேண்டும். சிறிதளவாக, ஒழுங்கான இடைவெளியில் பாய்ச்சி, காய் நிறம் மாறத் தொடங்கியதும் படிப்படியாகக் குறைத்தல் நன்று. முறைத்தண்ணீரை நம்பியிருப்போர் கொடியடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் பெரிதும் ஏறியிறங்காது. மழைநீர் வடிந்தோடச் சாலும் வேண்டும். கடைசிக் காலத்தில் யூரியா இடுவது பணத்தைக் கொடுத்து வெடிப்பை வாங்குவதாகும். ஒரு கொடியின் மற்றைய காய்களை ஒருங்கே பறித்து ஒன்றை மட்டும் விடுவதும் அத்தகையதே. வேர் முழுவதும் உறிஞ்சும் நீர் அவ்வொன்றுக்கே செல்லும்.

நீரைக் குறைத்தால் நிறை குறையுமே என்பர். சிறிது குறையலாம். ஆனால் முழுமையாக முற்றிய, காயம்படாத பூசினியை உலர்ந்த காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வெடித்த காயில் பூஞ்சணம் விரைவில் புகும்; அன்றே கிடைத்த விலைக்குக் கொடுக்க வேண்டும், அன்றேல் மாட்டுக்குப் போட வேண்டும். வியாபாரியிடம் பேரம் பேசும் வலிமை முழுக்காய் வைத்திருப்பவருக்கே உண்டு.

காம்பு காய்ந்து தக்கைபோலாகி, தோலில் நகம் இறங்காத நிலையே அறுவடைக்குரியது. மழைக்குறி தென்படின், அந்நிலையடைந்த காய்களை மேலும் கொடியில் விடாது, இரண்டு அங்குலக் காம்போடு அன்றே வெட்டி நிழலில் சேர்த்தல் வேண்டும்.