கோடு போனது, தடம் போகவில்லையா?

பழைய மைவியோ சாகாவோ வாங்கும் இளைஞர்கள் பலர் முதலில் செய்யும் வேலை, முந்தைய உரிமையாளர் ஒட்டிவைத்த பந்தயக் கோடுகளை உரித்தெடுப்பதுதான். ஸ்டிக்கர் வந்துவிடும். ஆனால் அது இருந்த இடம் அப்படியே தெரியும். அதை அழிக்கப் பாத்திரம் தேய்க்கும் நாரையும் தின்னரையும் கையில் எடுத்து, கடைசியில் கதவு முழுவதற்கும் புதிதாகப் பெயிண்ட் அடித்தவர்கள் உண்டு. எதைத் தேய்க்கிறோம் என்று தெரிந்தால் அந்தச் செலவு மிச்சம்.

மிஞ்சும் தடம் இரண்டு வகை. விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது பசை. வழவழப்பாக இருந்தும் கோடு தெரிந்தால் அது வெயிலின் வேலை.

பசையை நீக்குவது எளிது. ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல வழித்தெடுங்கள். பிளேடு வேண்டாம். சூடு ஆறியதும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் மிச்சத்தைத் துடைத்து, சோப்பு நீரில் கழுவுங்கள். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துவிடுங்கள். மறுபடி பெயிண்ட் அடித்த கதவாக இருந்தால் நிறம் இளகக்கூடும்.

வெயில் தடம் வேறு கதை. நம் ஊரில் ஆண்டு முழுவதும் வெயில். திறந்த வெளியில் நிற்கும் காரின் பெயிண்ட்டைப் புற ஊதாக் கதிர்கள் மெல்ல மெல்ல மங்கவைக்கின்றன. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பகுதி மட்டும் தப்பித்துப் புதிதாகவே இருக்கிறது. ஆக, பழுது கோட்டில் இல்லை. கோட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. கோட்டையே தேய்ப்பவர், இருக்கிற நல்ல பெயிண்ட்டையும் கெடுக்கிறார்.

காரை நன்றாகக் கழுவி, நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பிறகு தொடங்குங்கள். மென்மையான பாலிஷை முதலில் பயன்படுத்துங்கள். கோட்டை ஒட்டி மங்கிய பகுதியில் தொடங்கி, கதவு முழுவதும் ஒரே சீராகத் தெரியும்வரை சிறு சிறு பகுதியாகத் தேய்க்க வேண்டும். பலன் இல்லையென்றால் மட்டும் காம்பவுண்டுக்குப் போங்கள். அதன் பிறகு மீண்டும் பாலிஷ். கதவின் விளிம்புகளில் பெயிண்ட் மெலிதாக இருக்கும். அங்கே கை அழுத்தம் குறையட்டும்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் தடிமன் பொதுவாக 50 மைக்ரான் அளவுதான். நாம் எழுதும் ஒரு தாளில் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. வெயிலைத் தடுப்பதும் அதே பூச்சுதான். அப்படிப்பட்ட காரில் துணியில் காரின் நிறம் ஒட்டத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

நிறமே வெளுத்துவிட்டிருந்தால் எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. சிவப்புக் கார்களில் இதை அதிகம் காண்கிறேன். இரண்டு முறை முயன்றும் தடம் நின்றால், மெழுகு பூசி விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியும் கோட்டோடு இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். பூச்சு போன கதவுக்குப் பட்டறைதான் வழி.