லட்சுமிநரசு செட்டியும் தமிழாய்வின் எல்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையைத் தமிழாய்வாளர் அறிந்திருப்பது பெரிதும் பதிப்புகளின் வழியாகவே. ஏடு தேடியோர், உரை அச்சிட்டோர், கண்டன நூல் எழுதியோர் ஆகியோரை ஆண்டு முறையில் வரிசைப்படுத்த நம்மால் இயலும். அதே நகரில், கசுலு லட்சுமிநரசு செட்டி (1806–1868) என்னும் வணிகர் தம் கைப்பொருளைச் செலவிட்டு வளர்த்த அரசியல் எழுத்தோ நம் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. அவர் தெலுங்கர், அவர்தம் இதழும் விண்ணப்பங்களும் ஆங்கிலம். விலக்குவதற்கு இவை போதிய காரணங்களாகக் கொள்ளப்படுகின்றன. அவை போதா என்பது என் கருத்து.

அவுரி வணிகக் குடும்பத்தில் பிறந்து, தந்தையின் தொழிலைத் தொடர்ந்து பொருளீட்டியவர் செட்டி. 1844 அக்டோபரில் அவர் தொடங்கிய 'கிரெசென்ட்' இதழுக்கு ஹார்லி என்னும் ஆங்கிலேயர் ஆசிரியராக அமர்ந்தார். இதழின் விளம்பரத்தைக்கூட அரசிதழ் ஏற்க மறுத்தது. தொடக்க ஆண்டுகளில் அதன் முதன்மைப் போர் கிறித்தவ மறைப்பணியாளரோடும், அவர்களுக்கு இசைவாக இருந்த ஆளுநர் ட்வீடேலோடும் நிகழ்ந்தது. அரசுப் பள்ளியில் விவிலியத்தைப் பாடமாக்கும் முயற்சி, மதம் மாறியோர்க்குக் குடும்பச் சொத்தில் பங்குரிமை அளிக்கும் சட்ட முன்வரைவு, திருநெல்வேலிக் கலவரங்கள் ஆகியன அப்போரின் களங்கள். 1846 அக்டோபரில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் கும்பினி இயக்குநர்களுக்கு முறையீடு அனுப்பியது.

பின்னர் 1852. கும்பினியின் பட்டயம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்பட இருந்த நிலையில், சென்னைவாசிகள் சங்கம் தோன்றியது. கல்கத்தாச் சங்கத்தின் கிளையாகப் பிறந்து, சில திங்களிலேயே தனித்து நின்றது அது. நாடாளுமன்றத்திற்கு அது விடுத்த விண்ணப்பத்தில் மதத்தைக் காட்டிலும் வரி மேலோங்குகிறது: நிலவரிச் சுமை, வழக்குமன்றத் தாமதம், சாலையின்மை, வரி வாங்கக் கையாளப்படும் சித்திரவதை. இவ்விண்ணப்பத்தைப் படிக்கும்போது ஒரு வணிகரின் பேரேட்டைப் புரட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. குடிகள் செலுத்தியது இவ்வளவு, பெற்றது இவ்வளவு என்னும் கணக்கே அதன் வாதமுறை.

இவ்விரு காலங்களையும் பிரித்துவிடும் போக்கு பரவலாக உள்ளது. 'தென்னகத்தின் முதல் அரசியல் தலைவர்' எனப் போற்றுவோர் 1852-இலிருந்து தொடங்குகின்றனர். சமயப் பூசலை ஆராய்வோர் 1847-ஓடு நின்றுவிடுகின்றனர். இது பொருந்தாது. திருநெல்வேலியில் மதம் மாறியோருள் பெரும்பாலோர் நாடார் சமூகத்தவர். மேற்சாதியாரின் பிடியிலிருந்து நீங்குதலும் அவர்க்கு அம்மாற்றத்தின் பொருளாக இருந்தது. செட்டியின் தரப்பு அன்று அவர்களுக்கு எதிரணியில் நின்றது. உழவன் கையை நெரித்த கிட்டியைக் கண்டு கொதித்த அதே எழுத்துக்கு, அவ்வுழவன்மீது சாதி செலுத்திய அதிகாரம் புலப்படவில்லை. அவரது தொண்டைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. இரண்டையும் ஒருவர் எழுத்தாகவே படித்தல் வேண்டும்.

1853-இல் சென்னை வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமூரைச் செட்டி மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காட்டினார். அடுத்த ஆண்டு காமன்ஸ் அவையில் இச்செய்தி எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. அதன்முன் வந்த முறையீடுகள் 1,959. 1855-இல் வெளியான அறிக்கை கொடுமைகள் நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டது.

தமிழாய்வாளர்க்குரிய செய்தி இவ்விடத்தில்தான் உள்ளது. பரவலாக வழங்கிய வதைமுறைகளாக அறிக்கை முதன்மைப்படுத்துபவை இரண்டு. ஒன்று கிட்டி: கோல்களுக்கிடையே கையை வைத்து நெரிப்பது. மற்றொன்றை ஆங்கில எழுத்தில் 'அனுந்தால்' என எழுதித் தமிழ்ச்சொல் எனச் சுட்டுகிறது: ஒருவனது ஆடையையோ கயிற்றையோ கழுத்தின்மேலும் கால்விரல்களின்கீழும் செலுத்தி, குனிந்த நிலையில் பிணிப்பது. இது 'அண்ணாந்தாள்' என்பதன் சிதைந்த எழுத்துப்பெயர்ப்பு எனக் கருத இடமுண்டு. இரண்டிற்கும் தெலுங்குப் பெயர்களும் உடன் தரப்பட்டுள்ளன. வதைபட்டோர் தத்தம் தாய்மொழியில் கூறியது ஆங்கிலமாக்கப்பட்டபோது, மொழிபெயர்க்க இயலாத சொற்கள் மட்டும் உருத்திரிந்து எஞ்சின. கல்வெட்டில் வரிப்பெயர் ஒன்றைக் கண்டால் கட்டுரை எழுதும் நாம், இச்சொற்களை வரலாற்றுத் துறைக்கு விட்டுவிட்டோம்.

செட்டிக்குச் சி.எஸ்.ஐ. விருதும், 1863-இல் சட்டமன்ற உறுப்பினர் பதவியும் கிடைத்தன. வணிகத்தில் சேர்த்த செல்வமோ பொதுப்பணியில் கரைந்தது. 1868-இல் வறுமையுற்றே இறந்தார்.

முதுகலை இதழியல் தாள்களில் 'கிரெசென்ட்' பெயரளவிலேனும் இடம்பெறல் வேண்டும். சித்திரவதைக் குழுவின் அறிக்கையிலுள்ள தமிழ், தெலுங்குச் சொற்களைத் தொகுத்து, அகராதி வழக்கோடும் ஊர் வழக்கோடும் ஒப்பிடுதல் ஓர் ஆய்வாளர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. ஆங்கில நூலை முதன்மைச் சான்றாகக் கொண்ட ஆய்வேட்டைத் தமிழ்த்துறை ஏற்குமா என்பதே தடையாக எஞ்சுகிறது. அத்தடையை நீக்கும் பொறுப்பு நெறியாளர்களைச் சார்ந்தது.