அடிக்குறிப்பு எவ்வளவு சிறியதாகலாம்?

வவுனியா பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் உள்ளன. அங்கே கணிதமும் கணினியும் கற்போருக்கு லாடெக் புதுமையன்று. அவர்களுள் ஒருவர் நாளை தம் ஊர்க் குளத்தின் வரலாற்றைத் தமிழில் எழுத அமர்ந்தால், அடிக்குறிப்பை எந்த அளவில் அச்சிடுவார் என்பதே என் கவலை. சின்ன விடயம் என்று சிரிப்போர் சிரிக்கட்டும். முப்பது வருடம் பத்திரிகைப் பந்திகளை ஒப்புநோக்கியவனுக்கு இது சின்ன விடயமாகத் தோன்றவில்லை.

லாடெக்கிடம் எதுவும் சொல்லாது விட்டால் உடலெழுத்து 10 பொயின்ற், அடிக்குறிப்பு 8 பொயின்ற். ஆங்கிலத்துக்கு அது போதும். டொனால்ட் நூத் தமது கம்பியூட்டர் மொடேர்ன் எழுத்தில் 8 பொயின்ற்றைத் தனியாகவே வடிவமைத்தார். பெரிய எழுத்தைவிட விகிதத்தில் சற்று அகலமானது அது. ஈய அச்சுக் காலத்திலும் சிற்றெழுத்தைத் தனியாகத்தான் வெட்டினார்கள். நமது தமிழ் எழுத்துருக்களுக்கோ பெரும்பாலும் ஒரே வரைவுதான். கணினி அதையே சுருக்கிக் கொடுக்கின்றது.

போதாக்குறைக்கு, ஆங்கிலத்துக்கு அருகே தமிழ் பருத்துத் தெரிகின்றதென்று எழுத்துருவை 0.9 மடங்காகக் குறைப்போர் உண்டு. 8 பொயின்ற் அப்போது 7.2 ஆகிவிடும். அந்த அளவில் மூன்று சுழியையும் இரண்டு சுழியையும் யார் பிரித்தறிவது? பனங்காமம் பணங்காமம் ஆகும். மெய்யெழுத்தின் குற்று மறையும். வரிக்கு வரி 9.5 பொயின்ற் இடைவெளியே கிடைப்பதால், மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் விசிறியில் போய் முட்டும். வன்னி வரலாற்றில் ஆதாரம் முழுவதும் அடிக்குறிப்பில்தான் கிடக்கின்றது: குளத்தின் பழைய பெயர், காணி உறுதியின் ஆண்டு, 1895இல் லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூலின் பக்க எண். இதை வாசிக்க முடியாவிட்டால் ஆய்வைச் சரிபார்க்கவும் முடியாது.

பரிகாரம் கடினமன்று. ஆவணத்தை 12 பொயின்ற்றில் தொடங்கினால் அடிக்குறிப்பு தானாக 10 ஆகும். 0.9 சுருக்கத்தைக் கைவிடுக. ஃபுட்நோட்சைஸ் கட்டளையை மீள வரையறுத்து, எழுத்துக்கு 10, வரிக்கு 14 என்று கொடுத்தால் குற்றும் விசிறியும் மூச்சுவிடும். (அட்டவணையில் அதே கட்டளையைப் பாவித்திருந்தால் அங்கும் மாறும், கவனம்.)

படக்குறிப்பின் கதை வேறு. லாடெக் அதை உடலெழுத்தின் அளவிலேயே தருகின்றது. அழகுக்காக அதைக் குறைப்பவர்கள் நாங்கள்தான். கப்ஷன் பொதியில் 'ஸ்மோல்' என்பதோடு நிறுத்துக. பத்திரிகையில் செய்தியைப் படிக்காதவரும் படத்தின் கீழுள்ள வரியைப் படிப்பார்.

பக்கம் கூடும் என்பார்கள். கூடட்டும். ஆய்வேட்டு வழிகாட்டிகளில் தமிழ் அடிக்குறிப்புக்கென்று தனி அளவு எழுதப்படல் வேண்டும். மாணவர்களும் திரையில் பெருப்பித்துப் பார்த்துத் திருப்திப்படாமல், ஒரு பக்கத்தை ஏ4 தாளில் எடுத்து, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.