மாடிக்குப் போய்ப் புகைத்தால் போதுமா?



ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த அக்காவோ அத்தையோ இன்று பல குடும்பங்களில் இருக்கிறார். வீடே நிம்மதியாக இருக்கும். அவர் மனதில் மட்டும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். 'மறுபடி வந்துவிடுமோ?'

அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. கட்டியை அகற்றுவதற்கு முன்பே அதிலிருந்து பிரிந்த சில செல்கள் நுரையீரலிலோ எலும்பிலோ ஒதுங்கி, பல வருடங்கள் பெருகாமல் உறங்கிக் கிடக்கலாம். அவற்றை எழுப்புவது எது?

அழற்சிக்கு அதில் பங்கு உண்டு என்கின்றன ஆய்வுகள். அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. காயத்தை ஆற்றவே உடம்பு இதைச் செய்கிறது. தணியாமல் நீடித்தால்தான் தொல்லை.

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் மிகாலா எகெபிளாட் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சிகரெட் புகையால் எலிகளின் நுரையீரலில் அழற்சி உண்டானது. உடனே நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள், கிருமியைப் பிடிப்பதற்காகத் தங்களிடம் உள்ள டிஎன்ஏ இழைகளையே வலையாக வீசின. அதில் ஒட்டியிருந்த என்சைம்கள், அருகிலிருந்த லாமினின் என்ற புரதத்தை வெட்டின. வெட்டுப்பட்ட புரதம் உறங்கிய புற்றுச் செல்களைத் தட்டி எழுப்பிவிட்டது! ஃப்ளூ, கோவிட் தொற்றுகளும் எலிகளின் நுரையீரலில் உறங்கும் புற்றுச் செல்களை எழுப்புவதை 2025-ல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதர்களுக்கும் அப்படியே நடக்கும் என்பதில்லை. ஒரு சளி பிடித்ததற்கெல்லாம் நடுங்க வேண்டாம். நோய் திரும்பினால் அது அந்தப் பெண்ணின் குற்றமும் இல்லை.

ஆனால், புகையை அவரிடமிருந்து தள்ளிவைக்க இதற்கு மேலும் காரணம் வேண்டுமா? மாடிக்குப் போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும், சட்டையில் அந்த வாடை கூடவே வருகிறதே! விட்டுவிடுவதுதான் வழி. இருமலோடு நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஒரு வாரம் கழித்து வரலாமே? ஃப்ளூ தடுப்பூசி பற்றி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். கூடுதல் எடையும் அழற்சியைத் தணியவிடாது. மாலையில் அவரோடு நீங்களும் வாக்கிங் போங்கள்.

ஒன்றே ஒன்று. 'அழற்சியைக் குறைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் மஞ்சள் கேப்ஸ்யூலை நம்பி, டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். செக்கப்பையும் தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சையை அவர் தாங்கிக்கொண்டார். இனி அவருக்காக வீட்டுப் பழக்கங்களை மாற்றிக்கொள்வது நம் முறை. இந்த வாரமே ஆரம்பிப்போமா?

அன்புடன்,
ஆசிரியர்