கேட்பவர் காது

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சேத்தூர். பழைய புத்தகங்களில் இதற்குச் சேற்றூர் என்று பெயர். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த ஜமீன் என்று ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் புகழ் உண்டு. அருகிலுள்ள முகவூர் இராமசாமிக் கவிராயரின் குடும்பம், இந்தச் சமஸ்தானத்துக்கு வித்துவான்களைத் தந்த குடும்பம்.

அந்தக் காலத்தில் ஒருவர் நூல் இயற்றினால் நேரே அச்சுக்கூடத்துக்கு ஓடிவிட முடியாது. சபை கூட வேண்டும். ஆசிரியர் பாட்டைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் தடை எழுப்புவார்கள்; விடை சொல்ல வேண்டும். விடை கிடைக்காவிட்டால் பாட்டைத் திருத்த வேண்டும். இதுதான் அரங்கேற்றம். தொல்காப்பியமே அதங்கோட்டாசான் என்னும் பெரியவர் கேட்டுக் குற்றம் நீங்கிய பிறகுதான் வெளிவந்தது என்று அதன் பாயிரம் கூறுகிறது.

ஆனால் சபை என்றால் பயமும் உண்டு. இராமசாமிக் கவிராயரின் புதல்வர் கந்தசாமிக் கவிராயர் தனிப்பாடல் திரட்டுக்கு உரை எழுதியவர். அந்தத் திரட்டில், படிக்காசுப் புலவர் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு ஒன்று இருக்கிறது. பிழையாகப் பாடியவர் தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இருந்தான். காதை அறுப்பதற்கு வில்லிபுத்தூரார் இருந்தார். குடுமிகளைச் சேர்த்து முடிந்து தலையையே வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தர் இருந்தார். இப்போது அவர்கள் ஒருவரும் இல்லாததால் கண்டவரெல்லாம் கவிராயராகத் திரிகிறார்கள் என்பது அதன் கருத்து.

மூன்று தண்டனைகளிலும் விசித்திரமானது காதை அறுப்பதுதான். எழுதுகிறவனுக்குக் காதல்லவா முக்கியமான கருவி? பிறர் சொல்வதைக் கேட்கவும், தான் எழுதிய வாக்கியத்தின் ஓசையை அறியவும் அது வேண்டும். அதை அறுத்துவிட்ட பிறகு அவன் எதைக் கொண்டு திருந்துவான்? வில்லிபுத்தூராரும் அருணகிரிநாதரிடம் தோற்ற பிறகு அந்த வழக்கத்தை விட்டுவிட்டார் என்று கதை முடிகிறது.

1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. அவற்றின் சபைகளும் கலைந்தன. ஆனால் சபை வேறு இடத்தில் முன்பே முளைத்துவிட்டது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதையைப் படித்து அனுபவித்தார்கள். 'வட்டத்தொட்டி' என்று அதற்குப் பெயர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற கிராமத்தில் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்ற இரண்டு சிநேகிதர்கள் இலக்கியம் பேசியே வளர்ந்தார்கள். அழகிரிசாமி கி. ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. முன்னவருக்கு 1970-லும் பின்னவருக்கு 1991-லும் சாகித்ய அகாதமியின் பரிசு கிடைத்தது. ஒரே சிற்றூரில் இரண்டு பரிசு! நல்ல காது ஒன்று அருகில் இருப்பதன் மகிமை கொஞ்சமா?

இப்போது நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். சேத்தூரில் நாலு பேர் கூடி, ஒருவர் எழுதிய சிறு கதையின் நகலைப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதை இதுதான்: மகளைக் காலேஜில் சேர்ப்பதற்காகக் காளியம்மாள் கறவைப் பசுவை விற்றுவிடுகிறாள். விடுமுறைக்கு வரும் மகள், வெறும் தொழுவத்தைப் பார்த்து நிற்கிறாள். ஆரம்பத்தில் ஒரு பக்கம் மலையும் மேகமும் வர்ணனை. கடைசியில், தாயின் தியாகத்தைப் பற்றி ஒரு பாரா.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "வர்ணனை நீளம், வெட்டிவிடுங்கள்" என்கிறார். மாடு வைத்துப் பால் கறக்கும் அம்மாள் ஒருத்தி, "அது சரி, கன்றை என்ன செய்தாள்?" என்று கேட்கிறாள். ஒரு வாலிபன், "முடிவு ரொம்பச் சோகம். வாங்கினவர் பசுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதலாமே!" என்கிறான்.

இந்த மூன்று அபிப்பிராயங்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டால் கதை பாழ். மூன்றையும் தள்ளிவிட்டாலும் பாழ். வைத்தியரிடம் போகும் நோயாளி, எங்கே வலிக்கிறது என்று சரியாகச் சொல்லுவான். மருந்தும் தானே சொன்னால் அது சரியாக இருக்கவேண்டுமென்பதில்லை. கதை கேட்பவரும் அப்படித்தான். வலித்த இடத்தை நம்ப வேண்டும். மருந்தை எழுதியவர்தான் தேட வேண்டும்.

ஆசிரியருக்கு வர்ணனையில் அலுப்புத் தட்டியது உண்மை. ஏன் தட்டியது? அந்த மலையைக் கதையில் ஒருவரும் பார்க்கவில்லை. காளியம்மாள் நிமிர்ந்து பார்த்து, 'இந்த வருஷமும் மேகம் கூடவில்லை, கண்மாய் நிறையாது, வைக்கோல் கிடைக்காது' என்று எண்ணட்டும். அதே மலை, பசு விலைபோவதற்குக் காரணமாகிவிடும். ஒரு பக்கம் தானாகவே நாலு வரியாகும்.

அம்மாள் கேட்ட கேள்விதான் அன்றைக்குக் கிடைத்த புதையல். எழுதியவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பசு மட்டும் போய்க் கன்று நின்றால், இரவெல்லாம் அது கதறியிருக்கும். மகளுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இராது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறதோ என்னவோ!

வாலிபன் சொன்ன முடிவு கதைக்கு ஒவ்வாது. ஆனால் அவன் மனம் ஏதோ ஒன்றுக்காக ஏங்கியது மெய். மகள் சித்திரப் பதுமைபோல் நிற்கிறாள், ஒன்றும் செய்யவில்லை. கீழே கிடக்கும் தும்பை எடுத்துச் சுருட்டி ஆணியில் மாட்டட்டும். பிறகு தியாகத்தைப் பற்றிய பாரா எதற்கு?

எழுதுகிறவர்கள் இன்னும் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். நகலை வேறொருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் நாக்கு இடறும் இடம் உங்கள் பேனா இடறிய இடம். மற்றவர் பேசும்போது குறுக்கே சமாதானம் சொல்லாதீர்கள். அச்சான பிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து விளக்க முடியுமா? சொன்னதைக் குறித்துக்கொண்டு ஒரு வாரம் பொறுங்கள். ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலே இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால், அங்கே சோற்றில் கல் இருப்பது நிச்சயம்.

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. நம் வீடுகளில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கதை எழுதி, யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். என்றாவது ஒரு நாள் தயங்கித் தயங்கி அதை நீட்டுவார்கள். அப்போது சிரித்துவிட்டால் காதை அறுத்தது போலத்தான். அந்த நோட்டு மறுபடி வெளியே வராது. "பேஷ், பேஷ்!" என்று பக்கத்தைப் புரட்டாமலே திருப்பிக் கொடுப்பதும் அதற்குக் குறைந்த தீங்கல்ல. "இந்த இடத்தில் என் மனம் நின்றது, இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை" என்று சொன்னால் போதும்.

சேற்றூர் அரண்மனையில் கூடிய சபை இனிக் கூடப்போவதில்லை. அன்று புலவர்களும் பிரபுக்களும் செய்த வேலை, சுயராஜ்யத்தில் நம்முடையதாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டில் யாராவது ஒரு நோட்டை நீட்டினால், காபியைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேளுங்கள்.